இரு வீட்டுக்கும் ஒரே சொல்



1990 ஆம் ஆண்டு. குருமடத்தில் தத்துவ இயல் பயிலத் தொடங்கிய முதல் வாரம். இலத்தீன் மொழியிலேயே தத்துவம் கற்றுத் தேறிய முதிய தந்தை ஒருவர் எங்களுக்கு அளவையியல் கற்பிக்க வந்தார். வகுப்பினுள் நுழைந்ததும் ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் இரண்டு வரிகளை எழுதினார். ‘ஒரு பொருள் எதுவோ அதுவே அது’ என்பது முதல் வரி. ‘ஒன்றை உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருங்கே மெய்யாக இருத்தல் இயலாது’ என்பது இரண்டாம் வரி. முன்னதற்கு ஒருமை விதி என்றும், பின்னதற்கு முரணாமை விதி என்றும் பெயர் கூறினார்.

நாங்கள் இளைஞர்கள், சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழைப்பழம் வாழைப்பழமே என்று அறிந்துகொள்வதற்காகவா வீட்டையும் பெற்றோரையும் விட்டு இத்தனை தூரம் வந்தோம் என்று என் அருகே அமர்ந்திருந்த நண்பர் முணுமுணுத்தார். அது தந்தையின் செவியில் விழுந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. “மிக எளிய விதிகள்தாம். பிறர் மீறினால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். நீங்கள் மீறும்போதுதான் கண்ணுக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அச்சொல்லின் பொருளை நான் உணர்வதற்கு 18 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத விழைகிறேன். அதற்குமுன் அந்த விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

முரணாமை விதியைத் தெளிவாக வகுத்துரைத்தவர் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில். கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்தவர். ‘மெட்டாபிசிக்ஸ்’ எனும் தம் நூலின் நான்காம் பகுதியில் இதை ஆராய்கிறார். ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே நோக்கில், ஒரு தன்மை இருப்பதும் இல்லாதிருப்பதும் கூடாது என்பது அவர் கருத்து. இதிலுள்ள மூன்று நிபந்தனைகளையும் கவனியுங்கள். ஊர்க் குளம் நிறைந்திருக்கிறது என்றும், வற்றியிருக்கிறது என்றும் ஒருவர் கூறலாம். கார்த்திகையில் ஒன்று, வைகாசியில் மற்றொன்று. காலம் வேறாதலால் முரண் இல்லை. நம் உபதேசியார் தந்தையாகவும் இருக்கிறார், மகனாகவும் இருக்கிறார். பிள்ளைகளை நோக்கத் தந்தை, பெற்றோரை நோக்க மகன். நோக்கு வேறாதலால் அங்கும் முரண் இல்லை. பொருளும் காலமும் நோக்கும் மூன்றும் ஒன்றாகவே இருக்க, உண்டு என்றும் இல்லை என்றும் கூறினால் அன்றோ முரண் பிறக்கிறது!

இவ்விதியை மெய்ப்பிக்க முடியுமா? முடியாது என்கிறார் அரிஸ்டாட்டில். எந்த மெய்ப்பித்தலும் இதன்மேல் நின்றே நடைபெற வேண்டும். ஆயினும் இதை மறுப்பவனை வாய் திறக்கச் செய்தால் போதும். பொருளுள்ள ஒரு சொல்லை அவன் சொல்லட்டும். சொன்னால், இதைத்தான் குறிக்கிறேன், வேறொன்றை அன்று என்று அவன் ஒப்புக்கொண்டதாகிறது. ஒன்றுமே சொல்ல மறுத்தால், அவனோடு வாதிடுவது செடியோடு வாதிடுவது போலாகும். மேலும் ஒரு கேள்வி கேட்கிறார். எல்லாம் உண்டும் இல்லையும்தான் என்று சொல்பவன், மெகாரா நகருக்குப் போக வேண்டுமென்றால் ஏன் எழுந்து நடக்கிறான்? வழியில் எதிர்ப்படும் கிணற்றில் விழாமல் ஏன் விலகிப் போகிறான்? வாயால் மறுப்பவனும் காலால் இவ்விதியை ஒப்புகிறான் என்பதே இதன் கருத்து.

நம் முன்னோரும் இதை அறியாதவர் அல்லர். மணிமேகலைக் காப்பியத்தின் 29 ஆம் காதை அளவை நெறியை விரித்துரைக்கிறது. ஒருவன் தன் சொல்லைத் தானே அழிக்கும் குற்றத்துக்கு அங்கே காட்டப்படும் உதாரணம், தன் தாயை மலடி என்று கூறும் மகன்! அவன் வாய் திறந்து அப்படிச் சொல்வதே அச்சொல்லுக்கு எதிர்ச் சாட்சியாகி விடுகிறதல்லவா?

இனி ஒருமை விதி. ஒரு பொருள் அதுவே என்பதில் புதிதாக அறிவதற்கு என்ன உண்டு? ஜெர்மன் நாட்டு அறிஞர் பிரேகே 1892 இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கேள்வியை எழுப்பினார். விடியுமுன் கிழக்கே ஒளிரும் விண்மீனை நாம் விடிவெள்ளி என்கிறோம். கதிரவன் மறைந்தபின் சில மாதங்களில் மேற்கே ஒன்று ஒளிர்கிறது, அது அந்திவெள்ளி. பண்டைக் கிரேக்கர் இவற்றுக்கு இரு வேறு பெயர்கள் வழங்கினர். இரண்டும் ஒரே வெள்ளிக் கோள் என்பது பின்னர் தெரிந்தது. ‘விடிவெள்ளியே விடிவெள்ளி’ என்பது ஒன்றும் கற்பிப்பதில்லை. ‘விடிவெள்ளியே அந்திவெள்ளி’ என்பதோ வானத்தை நெடுங்காலம் உற்று நோக்கியவர் தேடிக் கண்ட உண்மை. காலையில் ஒரு திசையிலும் மாலையில் மறுதிசையிலும் தோன்றினும் ஒன்றாகவே இருப்பது ஒன்று உண்டு என்பதை அறிவது பெரிய அறிவு. இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கள் தந்தை வாரந்தோறும் வாதப் பயிற்சி நடத்துவார். தாக்கப்படும் மாணவருக்கு மூன்றே விடைகள் அனுமதிக்கப்படும். ‘கொன்சேதோ’ என்றால் ஒப்புகிறேன். ‘நேகோ’ என்றால் மறுக்கிறேன். ‘திஸ்திங்குவோ’ என்றால் பிரித்துரைக்கிறேன். மூன்றாவதைச் சொன்னவர் அத்துடன் அமர்ந்துவிட முடியாது. எந்த நோக்கில் ஆம், எந்த நோக்கில் இல்லை என்று உடனே விளக்க வேண்டும். விளக்காவிடில் தந்தை மேசையைத் தட்டி, “இது பிரித்துரைத்தல் அன்று, தப்பித்தல்” என்பார்.

நம் மறையை விளக்குவதற்கும் இக்கருவி எவ்வளவு பயன்படுகிறது! மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி, “மூணும் ஒண்ணும் சமம்னு எழுதினால் கணக்கு டீச்சர் தப்புப் போடுவாங்களே, சாமி?” என்று ஒருமுறை கேட்டாள். நல்ல கேள்வி. மூன்று ஆட்கள் ஒரே ஆள் என்று திருச்சபை கற்பித்ததே இல்லை. கடவுள் தன்மையில் ஒருவர், ஆட்கள் மூவர். நோக்கு வேறு. அவ்வாறே 451 ஆம் ஆண்டு கால்சிதோன் பொதுச்சங்கம் கிறிஸ்துவில் ஓர் ஆளும் இரு இயல்புகளும் உண்டு என்று வரையறுத்தது. இவை நம் அறிவைக் கடந்து நிற்பவை; அறிவுக்கு முரணானவை அல்ல. சதுரமான வட்டத்தைக் கடவுள் உண்டாக்க முடியுமா என்று கேட்பாரும் உளர். 1225 முதல் 1274 வரை வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினாஸ் இதற்கு அழகாக விடை தருகிறார். முரணானது ஒரு பொருளே அன்று. ஆகவே அதைக் கடவுளால் செய்ய இயலாது என்பதைவிட, அது செய்யப்பட இயலாதது என்பதே தகும் என்கிறார்.

இவ்வளவும் கற்றேன், பிறருக்குக் கற்பித்தேன். இனி என் கதை.

2008 ஆம் ஆண்டு. கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழை பயிரிடும் ஒரு சிற்றூரில் நான் பங்குத் தந்தையாக இருந்தேன். அங்கே ஒரு பெரியவர் இறந்தார். அவருக்கு இரு புதல்வர்கள். நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் பத்திரமும் ஆகியிருந்தது. கிணறு மட்டும் மூத்தவர் பங்கில் விழுந்திருந்தது. அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. பெரியவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே என்னிடம் சொன்னார்: “கிணற்றைப் பெரியவன் பார்த்துக்கொள்வான், சாமி. தண்ணீர் ரெண்டு பேருக்கும் பொது.” இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது அன்று, வழியே போகும் எவரும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு. ஆயினும் கேட்டவன் நான் ஒருவனே.

அடக்கம் முடிந்து முப்பது நாள் ஆவதற்குள் சச்சரவு எழுந்தது. ஒருநாள் காலைத் திருப்பலிக்குப் பின் மூத்தவர் வந்தார். கிணற்றை ஆழப்படுத்த அவர் வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார். தகப்பனாரை நினைத்துக் கண் கலங்கினார். “அப்பா கிணற்றை என்னிடம்தான் ஒப்படைத்தார். உங்களுக்குத் தெரியுமே, சாமி?” என்றார். “தெரியும்” என்றேன். அது உண்மையே. “அப்படியானால் கிணறு என்னுடையதுதானே?” என்றார். அழுதுகொண்டிருப்பவர் முன் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “உங்களுடையதுதான்” என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே இளையவர் வந்தார். அவர் அழவில்லை, முகம் இறுகியிருந்தது. “கிணறு பொது என்று அப்பா உங்களிடம் சொல்லவில்லையா, சாமி?” என்றார். “சொன்னார். கிணறு இருவருக்கும் பொதுதான்” என்றேன். அவரும் நிறைவோடு சென்றார். இரு பிள்ளைகளின் மனத்தையும் ஆற்றிவிட்டதாக எண்ணி அன்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புகிறேன்.

அரிஸ்டாட்டிலின் மூன்று நிபந்தனைகளையும் எண்ணிப் பாருங்கள். பொருள் ஒன்று: அதே கிணறு. காலம் ஒன்று: அதே நாள். நோக்கு ஒன்று: கிணற்றின் உரிமை. ‘பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு, தண்ணீரின் உரிமை இருவருக்கும்’ என்று காலையிலேயே பிரித்துரைத்திருக்கலாம். அந்த நல்லவர் திண்ணையில் அப்படித்தானே பிரித்துச் சொல்லியிருந்தார்! பள்ளிக்கூடம் போகாத அவருக்குத் தெரிந்திருந்தது, தத்துவம் படித்த எனக்கு அன்று தெரியவில்லை.

முரணான இரு கூற்றுகளை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அளவையியலார் நெடுங்காலமாகவே அறிவர். 12 ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகர ஆசிரியர்களிடையே வழங்கிய வாதம் அது. எளிய உதாரணத்தால் காட்டுகிறேன். ‘கோயில் மணி அடித்தது’ என்பதை ஒப்புகிறோம். அப்படியானால் ‘மணி அடித்தது, அல்லது நிலா ஒரு வெல்லக்கட்டி’ என்பதும் மெய்யே. இரண்டில் ஒன்று மெய்யானால் போதுமல்லவா? இப்போது ‘மணி அடிக்கவில்லை’ என்பதையும் உடன் ஒப்புகிறோம். இரண்டில் முதலாவது விழுந்துவிட்டது. எஞ்சுவது என்ன? நிலா ஒரு வெல்லக்கட்டி! ஒரு முரணை உள்ளே விட்டால் எந்தப் பொய்யையும் மெய்யென நிறுவிவிடலாம் என்பதே இதன் படிப்பினை.

அதை நான் ஏட்டில் கண்டதைவிட ஊரில் நன்றாகக் கண்டேன். “சாமியே சொன்னார்” என்று மூத்தவர் தம்பியின் குழாயைக் கழற்றி எறிந்தார். “சாமியே சொன்னார்” என்று இளையவர் ஆட்களோடு மோட்டார் அறைக்கு வந்து நின்றார். இரண்டும் மெய், இரண்டையும் நான் சொல்லியிருந்தேன். பின்னர் என் சொல்லிலிருந்து வேண்டியதெல்லாம் முளைத்தது. திருவிழா நன்கொடைக்காக நான் அண்ணன் பக்கம் சாய்ந்தேன் என்றார் ஒருவர். தம்பியின் மனைவி என் ஊர்ப்பக்கம் என்றார் மற்றொருவர். கிணற்றைக் கோயிலுக்கு எழுதி வாங்கப் போகிறார்கள் என்றார் வேறொருவர். எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. நிலையான ஒரு சொல் இருந்தால்தானே அதைக் காட்டி மறுக்கலாம்? இதற்கிடையில் மூன்று வாரங்கள் தண்ணீர் தவறிய இளையவரின் வாழை, குலை தள்ளும் பருவத்தில் வாடிச் சாய்ந்தது.

அப்போதுதான் விடிவெள்ளியின் நினைவு வந்தது. காலையில் கிழக்கே தோன்றினும் மாலையில் மேற்கே தோன்றினும் வெள்ளி ஒன்றே, ஒளியும் ஒன்றே. நானோ காலையில் ஒருவருக்கு ஒருவனாகவும், மாலையில் மற்றவருக்கு வேறொருவனாகவும் இருந்திருக்கிறேன். முரணாமை விதியை மீறியவன் ஒருமை விதியையும் உடன் மீறிவிடுகிறான். தன் சொல்லை இரண்டாக்கியவன் தன்னையே இரண்டாக்கிக்கொள்கிறான். ஆமென்பது ஆமாகவும் இல்லையென்பது இல்லையாகவும் இருக்க வேண்டுமென மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்ததை எத்தனை முறை வாசித்து விளக்கியிருப்பேன்!

ஞாயிறு மாலை இருவரையும் கிணற்றடிக்கே வரவழைத்தேன். உபதேசியாரும் ஊர்ப் பெரியவர் இருவரும் உடனிருந்தனர். “காலையில் உங்களிடம் கிணறு உங்களுடையது என்றேன். மாலையில் இவரிடம் பொது என்றேன். இரண்டும் மெய்யாக இருக்க முடியாது. காலையில் சொன்னது பொய். அதைச் சொன்னவன் நான்” என்று கூறி, பெரியவரின் சொற்களை அவர் சொன்னபடியே திருப்பிச் சொன்னேன். மூத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார். இளையவராவது மகிழ்வார் என்று எண்ணினேன். “இதை அன்றைக்கே அண்ணனிடம் சொல்லியிருந்தால் என் வாழை பிழைத்திருக்குமே, சாமி” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மறுநாளிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் ஓடியது. மூத்தவர் அதில் ஒருநாளும் தவறவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஓராண்டு அவர் குடும்பத்தார் நம் கோயிலுக்கு வரவில்லை. அடுத்த பங்குக்குப் போய்த் திருப்பலி கண்டனர். ஞாயிறுதோறும் அவர்கள் அமரும் இடம் வெறுமையாக இருப்பதைப் பீடத்திலிருந்து நான் பார்ப்பேன்.

இக்காலத்துத் தத்துவ அறிஞர் சிலர் முரணாமை விதிக்கும் விலக்கு உண்டு என்பர். அவர்களுள் கிரகாம் பிரீஸ்ட் என்பவர் பெயர் பெற்றவர். அவருடைய பெயரிலுள்ள பிரீஸ்ட் எனும் ஆங்கிலச் சொல்லுக்குக் குரு என்று பொருள். ஆனால் அவர் குரு அல்லர்! 1987 இல் வெளியிட்ட நூலில், சில முரண்கள் மெய்யாகவே இருக்கலாம் என்று அவர் வாதிட்டார். ‘நான் இப்போது சொல்வது பொய்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெய்யானால் பொய்யாகிறது, பொய்யானால் மெய்யாகிறது. இப்புதிரின் வித்தை நம் விவிலியத்திலும் காணலாம். கிரேத்தர் எல்லாரும் பொய்யர் என்று கிரேத்தர் ஒருவரே சொன்னதாகத் தீத்துவுக்கு எழுதிய திருமுகம் முதல் அதிகாரத்தில் வருகிறது. இத்தகைய புதிர்களைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிட்டு வருகின்றனர். ஆனால் அந்தப் பிரீஸ்ட்டும் எல்லா முரண்களும் மெய் என்பவர் அல்லர். நிலாவை வெல்லக்கட்டி ஆக்கும் வாதத்தையும் அவர் ஏற்பதில்லை. என் கிணறோ அப்படிப்பட்ட புதிர் எதுவும் அன்று. அது சுணக்கத்தால் பிறந்த வெறும் பொய். இரக்கம் என்ற போர்வையைப் போர்த்தியிருந்தது, அவ்வளவே.

புனித தோமாஸ் மற்றொன்றும் சொல்கிறார். நடந்ததை நடவாததாக ஆக்குவதும் முரணே. ஆதலால் அதுவும் செய்யப்பட இயலாதது. ஆண்டவர் நம் பாவத்தை மன்னிக்கிறார்; ஆனால் அது நிகழவே இல்லை என்று ஆக்குவதில்லை. முதலில் இது கடுமையாகத் தோன்றும். சிந்தித்தால் இதில் ஆறுதல் உண்டு. அன்று பொய் சொன்னவன் யாரோ ஒருவன் என்றால், இன்று மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை? பொய் சொன்னவனும் நானே, வருந்துபவனும் நானே, மன்னிக்கப்படுபவனும் நானே. மூவரும் ஒருவரே என்பதால்தான் மன்னிப்புக்குப் பொருள் இருக்கிறது. கரும்பலகையில் நாங்கள் கண்டு சிரித்த முதல் வரி இதைத்தான் சொல்லியிருக்கிறது.

2010 ஆம் ஆண்டு மே மாதம் எனக்கு மாற்றல் வந்தது. புறப்படும் நாள் காலையில் மூத்தவர் பங்கு இல்லத்துக்கு வந்து, என் புத்தகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். எல்லாம் முடிந்தபின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும், சாமி.”

அன்பர்களே, நம் இல்லங்களிலும் இது நடக்கிறதல்லவா? மகனிடம் ஒன்றும் மருமகளிடம் ஒன்றும், அண்ணனிடம் ஒன்றும் தம்பியிடம் ஒன்றும் சொல்லி, அமைதி காத்ததாக எண்ணிக்கொள்கிறோம். பிரித்துரைக்க வழி இருந்தால் பொறுமையாகப் பிரித்துரைப்போம். பெரும்பாலான சண்டைகளுக்கு அதுவே போதும். பிரிக்க வழியில்லாத இடத்தில், வலித்தாலும் ஒன்றையே சொல்வோம். கோபம் ஓராண்டில் ஆறக்கூடும். என் சொல்லை அந்த மனிதர் முன்போல் நம்பத் தொடங்கினாரா என்பதை இன்றும் நான் அறியேன்.